பெயரோடு நிற்கட்டும் கல்

(ஏற்காட்டில் கொடி நாள் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

மேடையில் வீற்றிருக்கும் தலைவர் அவர்களே, இந்தக் குளிரில் 20 கொண்டை ஊசி வளைவு ஏறி சேலத்திலிருந்து வந்திருக்கும் முன்னாள் படைவீரர் நல அலுவலர் அவர்களே, ஊராட்சித் தலைவர் அம்மா அவர்களே, மைதானத்தைக் கொடுத்ததோடு நிற்காமல் பிள்ளைகளோடு சேர்ந்து நாற்காலியும் எடுத்துப் போட்ட தலைமையாசிரியர் அவர்களே, நாகலூர், வாழவந்தி, செம்மநத்தத்திலிருந்து ஜீப் பிடித்து வந்திருக்கும் தாய்மார்களே, பெரியோர்களே, அனைவருக்கும் வணக்கம். முதல் வரிசையில் மெடல்களைக் குத்திக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும் சுபேதார் மேஜர் ஐயாவுக்குத் தனியாக ஒரு வணக்கம். மேடைக்கு வாருங்கள் என்று எவ்வளவோ கூப்பிட்டோம். "ஜவான்களோடயே உட்கார்றேன்" என்று சொல்லிவிட்டார். அவர் உட்கார்ந்திருக்கும் இடம்தான் இன்றைக்கு மேடை.

நான் மூன்று விஷயங்கள் பேசுவதாக அழைப்பிதழில் போட்டிருக்கிறார்கள். எங்கள் குடும்பத்தின் நான்கு தலைமுறைப் பட்டாளம், இளைஞர்கள் படையில் சேரும் வழி, பென்ஷன் குறைகள். மூன்றும் முக்கியம்தான். ஆனால் நான் எங்கே தொடங்கினாலும் என் அப்பா ஓயாமல் சொன்ன பழமொழியில்தான் போய் நிற்பேன்: உப்பிட்டவரை உள்ளளவும் நினை.

எங்கள் கொள்ளுத்தாத்தா முதல் உலகப் போரில் மெசபடோமியாவுக்குப் போனவர். இன்றைய ஈராக். திரும்பி வரவில்லை. அந்தப் போர்முனையில் இறந்து, கல்லறை தெரியாமல் போன 40,000-க்கும் மேற்பட்டவர்களுக்காக 1929-இல் பாஸ்ராவில் ஒரு நினைவுச் சின்னம் திறந்தார்கள். வெள்ளைக்காரச் சிப்பாய்க்கு அதில் பெயர் உண்டு. நம் சிப்பாய்க்கு இல்லை. ரெஜிமென்ட் பெயரைப் போட்டு, அதன் கீழே இத்தனை இந்தியச் சிப்பாய்கள் என்று எண்ணிக்கையை வெட்டிவிட்டார்கள். போர்க் கல்லறைகளைப் பராமரிக்கும் காமன்வெல்த் ஆணையம் 2021-இல்தான் இது தவறு என்று ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டது. யாருடைய உப்பைத் தின்றாரோ, அவர்கள் உள்ளளவும் நினைத்த அழகு இது.

தாத்தா மதராஸ் சாப்பர்ஸ், படையின் பொறியியல் பிரிவு. பர்மா போர்முனையில் பாலம் கட்டினார், ரோடு போட்டார், மலேரியாவோடு ஊர் வந்து சேர்ந்தார். அதைப் பற்றி அவரே அதிகம் பேசியதில்லை.

அப்பா 1962 சீனச் சண்டைக்குப் பிறகு சேர்ந்தவர். அவரும் சாப்பர்ஸ்தான். 1971 டிசம்பரில், பாகிஸ்தான் போரில், ஷகர்கர் பகுதியில், பசந்தர் ஆற்றங்கரை. டாங்குப் படை அதிகாரி அருண் கேத்தர்பால், நாட்டின் மிக உயர்ந்த வீர விருதான பரம்வீர் சக்கரம் பெற்ற சண்டை அது. அந்த டாங்குகள் ஆற்றைக் கடக்கும் முன் கண்ணிவெடி வயலுக்குள் இறங்கிப் பாதை திறந்தவர்கள் 9-ஆவது எஞ்சினியர் ரெஜிமென்ட், நம் தம்பிகள். சாப்பர்களைப் படையில் அப்படித்தான் கூப்பிடுவார்கள். தமிழ் தெரியாத ஆபீசரும் "தம்பி" என்பார்.

அப்பா காலமான பிறகு நடந்ததைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். பென்ஷனுக்காக அம்மாவை அழைத்துக்கொண்டு கீழே ஓர் அலுவலகத்துக்குப் போனேன். அங்கிருந்த குமாஸ்தா வெளி மாவட்டத்துக்காரர், நல்ல மனிதர். "வீட்டுக்காரர் பேரு சொல்லுங்கம்மா" என்றார். அம்மா வாயைத் திறக்கவில்லை. எங்கள் வீட்டில் புருஷன் பெயரைச் சொல்லும் வழக்கமில்லை. நான் சொல்லப் போனேன். "நீங்க சும்மா இருங்க, அவங்கதான் சொல்லணும்" என்று என்னை அடக்கிவிட்டார்.

"சாமி பேருங்க" என்றார் அம்மா.

"எந்தச் சாமி?"

"மலைச் சாமிங்க."

குமாஸ்தா, அப்பா படையிலிருந்து விடைபெற்றபோது கொடுத்த டிஸ்சார்ஜ் புத்தகத்தைப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது. "பழனி மலைதானே? சரியா இருக்கு" என்று பேனாவை எடுத்தார். அம்மா பதறிப்போய், "அவரு இல்லைங்க! எங்க மலைங்க. உச்சியில, குகைக்குள்ள, காவேரித் தாயோட இருக்காரே, மே மாசம் திருவிழா நடக்குதே" என்றார். அவருக்குப் புரியவில்லை. வரிசையில் பின்னால் நின்ற யாரோ ஒருவர், நம் ஊர்க்காரராகத்தான் இருக்க வேண்டும், சாமி பெயரைச் சத்தமாகச் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். உங்களுக்கும் பெயர் தெரிந்துவிட்டது, சிரிக்கிறீர்கள்.

குமாஸ்தா சிரிக்கவில்லை. "அம்மா, புத்தகத்துல வேற பேரு இருக்கே" என்றார்.

அப்பாவை ஆள் எடுத்த அன்று, பெயர் எழுதியவருக்கு நம் சாமியைத் தெரியவில்லை. அப்பாவும் விளக்கத்துக்காக "மலைச் சாமி பேருங்க" என்று சொல்லியிருக்கிறார். அந்த மனிதருக்குத் தெரிந்த மலைச் சாமி பழனியில் இருந்தார். எழுதிவிட்டார். கண்ணிவெடி வயலில் இறங்கியது, மெடல் வாங்கியது எல்லாம் அந்தப் பெயர். எங்களுக்கு அப்பா, பட்டாளத்துக்கு வேறு யாரோ. அஃபிடவிட், வி.ஏ.ஓ. சான்று, பெங்களூரில் இருக்கும் படை ஆவண அலுவலகத்துக்குக் கடிதம் என்று அலைந்தோம். ஆர்மி நம்பர் ஒன்றாக இருந்ததால் பிழைத்தோம். கடைசியில் ஓர் அதிகாரி, அம்மாவே தன் வாயால் சொல்ல வேண்டும் என்றார். அம்மா சுவர்ப் பக்கம் திரும்பி, முந்தானையைத் தலைக்கு இழுத்துக்கொண்டு, சொன்னார். என் அப்பா பெயரை அம்மா சொல்லி நான் கேட்டது அன்றைக்குத்தான்.

செங்கம் பக்கத்தில் எடுத்தனூர் என்று ஓர் ஊர் இருக்கிறது. மகேந்திரவர்ம பல்லவன் காலத்து நடுகல் ஒன்று அங்கே கிடைத்தது. எருமைகளைக் காக்கும் சண்டையில் செத்த வீரனின் கல். அவனோடு நின்று இரண்டு கள்ளர்களைக் கடித்த நாயையும் அதில் செதுக்கி, கோவிவன் என்று அதன் பெயரையும் எழுதி வைத்திருக்கிறார்கள். 1,300 ஆண்டுக்கு மேலாகியும் அந்த நாயின் பெயர் நமக்குத் தெரிகிறது. பாஸ்ராவில் என் கொள்ளுத்தாத்தா ஓர் எண். தன் உப்பைத் தின்று உயிர் கொடுத்தவரை நினைக்க வெள்ளைக்காரனுக்குத் தெரியாமல் போகலாம். நமக்குமா தெரியாது?

அதனால்தான் கேட்கிறேன். ஊராட்சி அலுவலகத்தின் முன்னால் ஒரு கல் வேண்டும். நம் மலையிலிருந்து பட்டாளத்துக்குப் போன ஒவ்வொருவர் பெயரும் அதில் தமிழில் இருக்க வேண்டும். செத்தவர் மட்டும் போதாது, பென்ஷன் வாங்கியவரும் வேண்டும். என் தம்பி மகன் இப்போது லடாக்கில் இருக்கிறான், அவன் பெயரும் வேண்டும். 2022-க்குப் பிறகு அக்னிவீரராகப் போகும் பிள்ளைகளில் 25 சதவீதம் பேர் வரைதான் நான்கு ஆண்டுக்குப் பின் படையில் தொடர முடியும். மீதிப் பேர் திரும்பி வருவார்கள். நான்கு ஆண்டு நின்றாலும் பட்டாளம் பட்டாளம்தான். அவர்களை விட்டுவிட்டு எழுதும் கல் எனக்கு வேண்டாம்.

ஜனவரி 26 கிராம சபையில் தீர்மானம் வைக்கத் தலைவர் அம்மா சம்மதித்திருக்கிறார்கள். கை தூக்க ஆள் வேண்டும், அன்றைக்குக் காபித் தோட்டத்து வேலையைச் சற்றுத் தள்ளி வைத்துவிட்டு வாருங்கள். பென்ஷன் பற்றிப் பேச நேரமில்லை, நல அலுவலர் அவர்கள் கூட்டம் முடிந்ததும் இங்கேயே இருப்பார்கள்.

வாசலருகே மேசையில் ஒரு நோட்டு இருக்கிறது. பட்டாளத்துப் பெயர் ஒரு பத்தியில், வீட்டில் கூப்பிட்ட பெயர் அடுத்த பத்தியில். டிஸ்சார்ஜ் புத்தகத்தைக் கரையான் அரித்திருந்தாலும் பரவாயில்லை, நம்பர் தெரிந்தால் எழுதுங்கள், தெரியாவிட்டால் ஊரும் பெயரும் போதும். எழுதத் தெரியாத தாய்மார்கள் சொல்லுங்கள், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் எழுதிக்கொள்வார்கள். சுபேதார் மேஜர் ஐயா, முதல் வரி நீங்கள்தான் எழுத வேண்டும். பேனா தலைமையாசிரியரிடம் இருக்கிறது.