முதலில் காரணம், அப்புறம் களிம்பு

நேயர்களுக்கு வணக்கம். தோலில் திட்டுத் திட்டாக நிறம் மாறுவதைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். தோல் மருத்துவராக இருக்கும் நான் நெடுநாளாகச் சொல்லிக்கொண்டிருக்கிற விஷயம் இது.

இந்தத் திட்டுகளோடு வருகிறவர்களில் பலர், உட்கார்ந்ததுமே கைப்பையைத் திறந்து களிம்பு டியூப்களை மேசையில் எடுத்து வைப்பார்கள். ஒன்று அக்கா கொடுத்தது, ஒன்று மருந்துக்கடையில் கேட்டு வாங்கியது, ஒன்று போனில் பார்த்துத் தருவித்தது. எல்லாவற்றையும் போட்டாகிவிட்டது, திட்டு மட்டும் போகவில்லை. 'இதற்கு என்ன களிம்பு போடலாம்?' என்பதுதான் எல்லோருக்கும் முதல் கேள்வி. 'இது எதனால் வந்தது?' என்று கேட்பவர்கள் குறைவு. அந்தக் கேள்விக்குப் பதில் தெரியாமல் களிம்பைப் பற்றிப் பேசவே முடியாது. நான் சொல்ல வந்தது இதுதான். நடுநடுவே திரும்பவும் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தோலுக்கு நிறம் கொடுப்பது மெலனின் என்ற நிறமி. அதைத் தயாரிக்கிற செல்கள் மேல்தோலின் அடிவரிசையில் இருக்கின்றன. கறுப்பாக இருப்பவருக்கும் வெளுப்பாக இருப்பவருக்கும் இந்தச் செல்களின் எண்ணிக்கை ஏறக்குறைய ஒன்றுதான். எவ்வளவு மெலனின் தயாரிக்கின்றன, அதை எப்படிப் பரப்புகின்றன என்பதில்தான் வித்தியாசம். வெயில் பட்டால், உராய்ந்தால், பரு வந்தால், ஹார்மோன் மாறினால் இவை நிறமியைக் கூடுதலாகக் கொட்டிவிடும். அங்கே கறுப்பு விழும். இவற்றின் வேலை குறைந்தாலோ, செல்களே அழிந்துபோனாலோ, அந்த இடம் வெளுக்கும். ஆகவே முதலில் பாருங்கள்: உங்கள் திட்டு சுற்றியிருக்கிற தோலைவிடக் கறுத்திருக்கிறதா, வெளுத்திருக்கிறதா?

கறுத்த திட்டுகளில் ரொம்பச் சாதாரணமானது, புண் ஆறிய இடத்தில் நிற்கிற கறை. பரு, பூச்சிக்கடி, சொறிந்த இடம், சூடு பட்ட இடம், எதற்குப் பிறகும் வரலாம். பல மாதங்களில் தானாகவே வெளிறும். நிறமி ஆழத்தில் இறங்கியிருந்தால் ஒரு வருடத்துக்கு மேலும் ஆகும். இதற்கு முதல் வைத்தியம் கையைச் சும்மா வைத்திருப்பது. பருவைக் கிள்ளக் கூடாது. கறை போகட்டும் என்று நார் போட்டுத் தேய்க்கவும் கூடாது, தேய்ப்பதே கறுப்பைக் கூட்டும். புதிதாகப் பரு வந்துகொண்டே இருந்தால் அதை முதலில் நிறுத்த வேண்டும். கறையை மட்டும் தனியாக அழிக்கிற வழி கிடையாது.

பின்கழுத்திலும் அக்குளிலும் தோல் வெல்வெட் துணிபோலத் தடித்துக் கறுப்பது வேறு கதை. அதை அழுக்கு என்று நினைத்துப் பிள்ளையைத் திட்டித் தேய்த்துவிடுகிற பெற்றோரைப் பார்க்கும்போது எனக்கு மிகவும் வருத்தமாக இருக்கும். பெரும்பாலும் அது, உடம்பில் இன்சுலின் சரியாக வேலை செய்யவில்லை என்பதன் அடையாளம். ரத்தத்தில் சர்க்கரையைப் பார்க்கச் சொல்லுங்கள். உடல் எடை கூடுதலாக இருந்து அது குறைந்தால், கழுத்தும் மெல்லத் தெளியும்.

அடுத்தது மங்கு. இரண்டு கன்னம், நெற்றி, மேலுதடு, மூக்கு என்று முகத்தின் இருபுறமும் பழுப்பாகப் படரும். பெண்களுக்கே அதிகம். கர்ப்ப காலத்தில் வரும், கருத்தடை மாத்திரை சாப்பிடும்போதும் வரும், குடும்பத்தில் ஒருவருக்கு இருந்தால் மற்றவருக்கும் வரும். எல்லாவற்றுக்கும் மேலே வெயில். மங்கை அடக்கி வைக்கலாம், அதற்கு நல்ல மருந்துகள் இருக்கின்றன. வேரோடு எடுத்துவிடுகிறேன் என்று யாராவது உறுதி சொன்னால் நம்பாதீர்கள்.

இந்த மங்கோடு வந்த ஓர் ஆசிரியையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவருடைய அக்காவுக்கு உள்ளங்கையில் கரப்பான், அதாவது எக்ஸிமா என்கிற தோல் அழற்சி. அதற்கு மருத்துவர் எழுதிக் கொடுத்த களிம்பு நன்றாகக் கேட்டிருக்கிறது. 'உன் முகத்துக்கும் போட்டுப் பார்' என்று மிச்சத்தைத் தங்கையிடம் கொடுத்துவிட்டார் அக்கா. பாசத்தில் செய்ததுதான். முதல் சில வாரங்கள் முகம் பளிச்சென்று ஆகிவிட்டது. பள்ளியில் எல்லோரும் விசாரித்தார்களாம். டியூப் தீர்ந்ததும் அதே பெயரைச் சொல்லிக் கடையில் வாங்கிப் போட்டிருக்கிறார். ஒருநாள் போடாமல் விட்டபோது முகம் சிவந்து எரிந்திருக்கிறது. திரும்பப் போட்டதும் அடங்கியிருக்கிறது. பார்த்தீர்களா, இந்தக் களிம்பு இல்லாமல் முடியாது என்று நினைத்துக்கொண்டார்.

என்னிடம் வந்தபோது கன்னத்தில் நூல் நூலாகச் சிவப்பு ரத்தக்குழாய்கள் தெரிந்தன. மோவாயில் மெல்லிய முடி, சுற்றிலும் சின்னச் சின்னப் பருக்கள். ஜன்னல் ஓரம் நின்றாலே முகம் காந்துகிறது என்றார். டியூபின் பின்பக்கத்தை அவரையே படிக்கச் சொன்னேன். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு எழுத்துக் கூட்டிப் படித்தார்: க்ளோபெட்டசால். அழற்சியை அடக்குகிற ஸ்டீராய்டு களிம்புகளிலேயே வீரியம் மிகுந்த வகையைச் சேர்ந்தது. அக்காவின் உள்ளங்கைத் தோல் கெட்டியானது, அங்கே இந்த மருந்து பொருத்தம். கன்னத்துத் தோல் மெல்லியது, அங்கே மருந்து ஏராளமாக உள்ளே போகும், நாளாக ஆகத் தோலை இன்னும் மெலிய வைக்கும். அவர் முகம் பழைய நிலைக்குத் திரும்ப மாதக்கணக்கில் ஆனது. மங்கு? அது அப்படியே இருந்தது. அதற்கான வைத்தியத்தை அதற்கப்புறம்தான் ஆரம்பிக்க முடிந்தது.

ஸ்டீராய்டு கெட்ட மருந்து இல்லை. 1950-களில் தோலுக்கு வந்ததிலிருந்து எத்தனையோ பேரின் அரிப்பையும் அவதியையும் போக்கியிருக்கிறது. மருத்துவர் சொன்ன இடத்தில், சொன்ன நாள்வரை போட்டால் பயமில்லை. என் வேண்டுகோள் ஒன்றுதான்: முகத்தில் எதைத் தடவுவதற்கு முன்பும் டியூபின் பின்பக்கத்தைப் படியுங்கள். பீட்டாமெத்தசோன், க்ளோபெட்டசால், மோமெட்டசோன் என்று இருந்தால் யாரையும் கேட்காமல் தடவாதீர்கள். ஏற்கெனவே மாதக்கணக்கில் போடுகிறவர்கள் மருத்துவரைப் பார்த்து, அவர் சொல்கிற முறையில் நிறுத்துங்கள். என்ன சேர்த்திருக்கிறது என்று எழுதாத சிவப்பழகு க்ரீம் பக்கமே போகாதீர்கள். அவற்றில் சிலவற்றில் பாதரசம் இருந்திருக்கிறது, அது சிறுநீரகத்தைக் கெடுக்கும். அக்காவுக்குக் கேட்டது தங்கைக்குக் கேட்காது, காரணம் வேறு. திரும்பவும் சொல்லிவிட்டேன்.

சரி, வெளுத்த திட்டுகளுக்கு வருவோம். மார்பு, முதுகு, தோளில் வருகிற தேமலுக்குக் காரணம், எல்லோருடைய தோலிலும் சாதாரணமாக வாழ்கிற ஒரு பூஞ்சை. வியர்வையும் எண்ணெய்ப்பசையும் கூடினால் அது பெருகும். நகத்தால் லேசாகச் சுரண்டினால் செதில் பொடிப்பொடியாக உதிரும். ஒரு சுவையான விஷயம்: இந்தப் பூஞ்சை சுரக்கிற அசெலாயிக் அமிலம் நிறமி உற்பத்தியைத் தடுக்கக் கூடியது. அதே அமிலத்தைத்தான் மங்குக்குக் களிம்பாகக் கொடுக்கிறோம். தேமலுக்குக் கீட்டோகோனசோல் ஷாம்பூவைத் திட்டுகளில் தடவிச் சில நிமிடம் விட்டுக் கழுவுவது நல்ல வைத்தியம். எத்தனை நாள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். செதில் போய்விட்டால் பூஞ்சை போய்விட்டது. நிறம் திரும்ப மட்டும் சில மாதம் ஆகும். அதற்குள் மருந்து வேலை செய்யவில்லை என்று மாற்றிவிடாதீர்கள்.

குழந்தைகளின் கன்னத்தில் வெளிர்த் திட்டு வந்தால் வயிற்றுப் பூச்சிக்கு மருந்து வாங்கிக் கொடுக்கிறார்கள். பூச்சிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பெரும்பாலும் வறண்ட தோல்தான். ஈரப்பதம் காக்கும் க்ரீம் தடவி வந்தால் போதும், வளர வளர மறையும்.

பால்போல வெளுத்து ஓரம் தெளிவாகத் தெரிந்தால் அது வெண்புள்ளியாக இருக்கலாம். நம்முடைய எதிர்ப்புச் சக்தியே நிறமிச் செல்களை அழிப்பதால் வருவது. தொற்றவே தொற்றாது. தொட்டால், சேர்ந்து சாப்பிட்டால், கல்யாணம் செய்துகொண்டால் பரவாது. சீக்கிரமே மருத்துவரிடம் வந்தால் புற ஊதாக் கதிர் சிகிச்சையிலும் களிம்பிலும் பலருக்கு நிறம் திரும்புகிறது. இதைப் பற்றி நிறையப் பேச எண்ணியிருந்தேன், நேரமாகிவிட்டது என்று கை காட்டுகிறார்கள்.

இரண்டே விஷயம், வேகமாகச் சொல்லிவிடுகிறேன். வெயிலுக்குக் குறைந்தது எஸ்பிஎஃப் 30 உள்ள சன்ஸ்கிரீன். எஸ்பிஎஃப் என்பது வெயிலிலிருந்து எவ்வளவு காக்கும் என்று டியூபில் போட்டிருக்கிற எண். முகத்துக்கும் கழுத்துக்கும் இரண்டு விரல் நீளத்துக்குப் பிதுக்கி எடுங்கள், வெளியில் இருக்கும்போது 2 மணி நேரத்துக்கு ஒருமுறை திரும்பப் போடுங்கள். மங்கு உள்ளவர்களுக்குக் கண்ணுக்குத் தெரிகிற வெளிச்சமே கெடுதல் என்பதால், இரும்பு ஆக்சைடு கலந்த நிறமுள்ள வகை நல்லது.

இன்னொன்று, வெளுத்த அல்லது சிவந்த திட்டில் தொட்டால் உணர்ச்சி இல்லை, சூடு குளிர் தெரியவில்லை என்றால் களிம்பு எதுவும் வேண்டாம், நாளைக்கே மருத்துவரிடம் போங்கள். தொழுநோயாக இருக்கலாம். 6 மாதமோ 12 மாதமோ மருந்து சாப்பிட்டால் முழுதாகக் குணமாகும். நரம்பு கெடுவதற்கு முன்பு போய்ச் சேர வேண்டும், அவ்வளவுதான். வணக்கம்.