சுவா ஏரியின் பனிக் கணக்கு

நண்பர்களே, வணக்கம். ஜப்பான் என்றால் டோக்கியோ, கியோட்டோ என்றே பேசிப் பழகிவிட்டோம். இன்று நாம் போகப்போவது நகானோ மாகாணத்து மலைகளுக்கு நடுவே, ஏரிக்கரையில் இருக்கும் சுவா என்ற ஊருக்கு. மக்கள்தொகை ஐம்பதாயிரத்துக்கும் குறைவு.

இரண்டு பெரும் நிலப்பிளவுகள் சந்திக்கிற இடம் அது. நிலம் இழுபட்டு இறங்கிய பள்ளத்தில்தான் ஏரி இருக்கிறது. கடல்மட்டத்திலிருந்து 759 மீட்டர் உயரம். பரப்பு சுமார் 13 சதுர கிலோமீட்டர். ஆழம் ஏழு மீட்டர் அளவுதான். சுற்றுமலைகளிலிருந்து முப்பதுக்கு மேற்பட்ட ஆறுகளும் ஓடைகளும் வந்து விழ, வெளியேறுவது தென்ரியு என்ற ஒரே ஆறு.

1590களில் இங்கே தகாஷிமா கோட்டையைக் கட்டியபோது அலை மதிலைத் தொட்டது. மிதக்கும் கோட்டை என்றே அதற்குப் பெயர். அப்புறம் நிலம் வேண்டிக் கரையை மேடாக்கிக்கொண்டே போனார்கள். 1970இல் திரும்பக் கட்டிய கோட்டை இன்று ஏரியை விட்டுத் தள்ளி, வீடுகளுக்கு நடுவே நிற்கிறது.

பக்கத்து ஊரான ஒகாயாவில் பட்டு நூற்பு செழித்தது. அந்தத் தொழிலில் பெரும் செல்வம் சேர்த்த கதாகுரா குடும்பம், 1928இல் சுவாவில் ஊர் மக்களுக்காக வெந்நீர்க் குளியல் மண்டபம் ஒன்றைத் திறந்தது. தொட்டி இடுப்பளவைத் தாண்டிய ஆழம். அடியில் கூழாங்கல் பரப்பியிருக்கும், நின்றபடியே குளிக்கலாம். இன்றும் திறந்திருக்கிறது. பட்டுக்குப் பிறகு கடிகாரம். உலகின் முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரம், 1969 டிசம்பரில் விற்பனைக்கு வந்ததே, அதை உருவாக்கியது சுவாவில் இருந்த தொழிற்கூடம்தான்.

சரி, இதையெல்லாம்விட நான் பெரிதாக நினைப்பது ஏரியின் பனிக்கட்டியை. கடுங்குளிரில் ஏரி முழுக்க உறையும். இரவில் குளிர் ஏற ஏற பனிக்கட்டி சுருங்கி வெடிக்கும். வெடிப்பில் நீர் புகுந்து அதுவும் உறையும். பகலில் வெப்பம் கூடினால் பனிக்கட்டி விரியும். விரிய இடமில்லாமல் வெடிப்பின் விளிம்புகள் மோதி, பெருஞ்சத்தத்தோடு வரப்பு மாதிரி மேலெழும்பும். ஏரிக்குக் குறுக்கே நீண்டு கிடக்கும் இந்த வரப்புக்கு 'ஓமிவதாரி' என்று பெயர். தென்கரைக் கோயிலின் தெய்வம், வடகரைக் கோயிலில் இருக்கும் தன் மனைவியைப் பார்க்க நடந்துபோன தடம் என்பது ஊரார் நம்பிக்கை.

அந்த நம்பிக்கைதான் கணக்கு எழுத வைத்தது. 1443 முதல் ஏரி உறைந்ததா, தடம் தெரிந்ததா என்று எழுதி வருகிறார்கள். 1683 முதல் இது யத்சுருகி கோயிலின் பொறுப்பு. இன்றும் ஜனவரி தொடக்கத்திலிருந்து பிப்ரவரி தொடக்கம் வரை, விடியுமுன்பே பூசாரியும் கோயில்காரர்களும் கரையில் கூடி, காற்றின் வெப்பநிலையையும் நீரின் வெப்பநிலையையும் அளந்து குறிக்கிறார்கள். போர் நடந்தாலும் ஆட்சி மாறினாலும் தலைமுறை தலைமுறையாக இதைக் கைவிடாத மனிதர்களை நினைத்தால் எனக்கு மெய்சிலிர்க்கிறது.

பருவநிலை ஆய்வாளர்களுக்கு இந்த ஏடுகள் பெரும் புதையல். முதல் 250 ஆண்டுகளில் ஏரி உறையாத ஆண்டுகள் மூன்றுதான். 1955 முதல் 2004 வரையிலான ஐம்பது ஆண்டுகளிலோ பன்னிரண்டு. ஓமிவதாரி 2018இல் தோன்றியது. அதன்பின் 2025 வரை ஒரு குளிர்காலத்திலும் வரவில்லை. வராத ஆண்டையும் 'திறந்த கடல்' என்று குறித்து வைக்கிறார்கள்.