கேரவன் பக்கமே பேசுகிறேன்

நடுவர் அவர்களே, வணக்கம். இங்கிலாந்துத் தொழிலாளிக் குடும்பங்களை ஒட்டவைத்தது, சக்கரம் வைத்த சின்ன வீடான கேரவனில் தங்கிய அந்தக்காலக் கடற்கரை விடுமுறையா, பின்னால் வந்த ஸ்பெயின் விமான விடுமுறையா என்பது தலைப்பு. நான் கேரவன் பக்கம்.

காசு இல்லாததால் போனார்கள், அதில் என்ன பெருமை என்றார் எதிரணி நண்பர். காசு இல்லைதான். சம்பளத்தோடு விடுமுறை என்ற சட்டமே 1938-இல்தான் வந்தது, அதன் பலன் பலருக்கு இரண்டாம் உலகப் போர் முடிந்துதான் கிடைத்தது. அந்த நாட்களில் ஜூலைத் தொடக்கத்தில் லெஸ்டர் நகரத்து ஆலைகள் இரண்டு வாரம் மொத்தமாக மூடும். பின்னலாடை ஆலையில் அருகருகே நின்று வேலை பார்த்தவர்கள் மூட்டை முடிச்சோடு ஸ்கெக்னஸ், இங்கோல்டுமெல்ஸ், மேபிள்தார்ப் என்று கிழக்குக் கடற்கரை ஊர்களுக்குக் கிளம்பினால், அங்கே அடுத்த கேரவனிலும் அதே தெருக்காரர் இருப்பார்.

உள்ளே என்ன இருந்தது? 1950-களில் பல கேரவன்களில் மின்சாரம் கிடையாது, குழாயும் கிடையாது. கேஸ் விளக்குக்கு நம் பெட்ரோமாக்ஸில் கட்டுகிற மாதிரி மேண்டில், விரல் பட்டாலே உதிர்ந்துவிடும், அதனால் அதை ஏற்றுவது அப்பா வேலை. பொதுக் குழாயில் தண்ணீர் பிடித்து வருவது பிள்ளைகள் வேலை. சாப்பிட்ட மேசையை இறக்கி மெத்தை போட்டால் அதுவே கட்டில், ஆக ஒருவர் தூங்க வேண்டுமென்றால் எல்லோரும் எழுந்தாக வேண்டும். ராத்திரி கழிப்பறைக்கு டார்ச்சோடு அக்கா துணைக்கு வரணும். வட கடல் மழை கூரையில் அடிக்கிற நாளில் வெளியே போக வழியில்லாமல் சீட்டுக்கட்டை எடுப்பார்கள், வருடமெல்லாம் ஷிப்டுக்கு ஓடிய அப்பாவைப் பிள்ளைகள் நாள் முழுக்கப் பார்த்தது அங்கேதான்.

அம்மாவுக்கு அங்கேயும் சமையல்தானே என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி, மழுப்ப மாட்டேன், அவருக்கு முழு ஓய்வு கிடைக்கவில்லை. ஆனால் அதற்கு முன் இருந்த வாடகை விடுதிகளை நினைத்துப் பாருங்கள். பல விடுதிகளில் காலைச் சாப்பாடு முடிந்ததும் வெளியேறிவிட வேண்டும், மழை கொட்டினாலும் மாலைவரை திரும்பக் கூடாது. கைக்குழந்தையோடு நனைந்த அம்மாவுக்கு, சாவி தன் கையில் இருக்கிற கேரவன் சின்ன விஷயமா?

ஸ்பெயின் ஹோட்டலில் சமையல், படுக்கை எல்லாவற்றையும் வேறு யாரோ பார்த்துக்கொண்டார்கள். சுகம்தான், மறுக்கவில்லை. ஆனால் நம் தலைப்பு சுகத்தைப் பற்றியது அல்ல. ஒருவர் இல்லாவிட்டால் இன்னொருவருக்கு வேலை நடக்காது என்ற நிலையில் குடும்பம் எங்கே இருந்தது என்று பார்த்து, நடுவர் அவர்களே, கேரவன் பக்கம் தீர்ப்புச் சொல்லுங்கள்.