தரைக்கடியில் எட்டுக் கோடி லிட்டர்

(பல்லடம் பக்கம் விவசாயிகள் கூட்டம் ஒன்றில் பேசியது)

பெரியோர்களே, தாய்மார்களே, வணக்கமுங்க.

துருக்கி போய் வந்தவன் மசூதியையும் கடைவீதியையும் பற்றிச் சொல்வேன் என்று நினைத்திருப்பீர்கள். நான் சொல்ல வந்தது தண்ணீரைப் பற்றி.

இஸ்தான்புல்லில் ஹாகியா சோபியா மசூதிக்குப் பக்கத்தில், தரைக்கடியில் பசிலிக்கா நீர்த்தொட்டி என்று ஒன்று இருக்கிறது. 52 படி இறங்கினால் ஒரே இருட்டு. கண் பழகினதும் தெரிகிறது பாருங்கள், தூண்கள்! வரிசைக்கு 28 வீதம் 12 வரிசை, மொத்தம் 336. ஒவ்வொன்றும் சுமார் 30 அடி உயரம். அத்தனையும் தண்ணீர் தேக்கக் கட்டியது. 6ஆம் நூற்றாண்டில் ஜஸ்டினியன் பேரரசர் காலத்து வேலை. சுமார் 19 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் காட்டிலிருந்து கால்வாயில் தண்ணீர் வந்தது. நிறைந்தால் 8 கோடி லிட்டர் பிடிக்கும்.

தூண்களைக் கிட்டே போய்ப் பார்த்தேன். ஒன்றில் இலை வேலைப்பாடு, அடுத்தது மொட்டை. பழைய கட்டடங்களில் கிடைத்ததைக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார்கள். ஒரு மூலையில், தலைமுடியே பாம்பாக இருக்கும் கிரேக்கப் புராணப் பெண் மெதூசாவின் தலைச்சிற்பமே இரண்டு தூண்களுக்கு அடிக்கல். ஒன்று தலைகீழாக, இன்னொன்று பக்கவாட்டில். காரணம் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். தூணின் உயரத்தைச் சரிக்கட்ட வைத்தது என்பதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது.

பிற்காலத்தில் இதன் மேலேயே வீடுகள் வந்துவிட்டன. வீட்டுத் தரையில் இருந்த ஓட்டை வழியாக வாளி விட்டு ஜனங்கள் தண்ணீர் இறைத்தார்கள், மீனும் பிடித்தார்கள். 16ஆம் நூற்றாண்டில் பெத்ரூஸ் கில்லியஸ் என்ற பிரெஞ்சு அறிஞர் விசாரித்து வந்து, படகில் பந்தத்தோடு உள்ளே போய்ப் பார்த்து எழுதிவைத்தார். சேற்றையெல்லாம் வாரி, 1987இல்தான் பொதுமக்கள் பார்க்கத் திறந்தார்கள்.

சரி, நம்ம காட்டுக்கு வருவோம். நம் அப்பாருங்க பாறையை உடைத்து வெட்டிய கிணறு ஊரெல்லாம் கிடக்கிறது. ஆயிரம் அடிக்கு போர் போட்டாலும், வருகிற கொஞ்சத் தண்ணீரை அந்தக் கிணற்றில் விட்டுச் சேர்த்துத்தானே பாய்ச்சுகிறோம்? அப்படியிருக்க, அதில் குப்பை கொட்டுவதையும், மண்ணடித்து மூடி சைட் பிரிப்பதையும் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறதுங்க. அந்தக் கிணறுதான் நமக்குத் தொட்டி. அப்படியொன்றை இன்றைக்கு வெட்டச் சொன்னால் நம்மில் எத்தனை பேரால் முடியும்?

ஐப்பசி மழைக்கு இன்னும் நாள் இருக்கிறது. அதற்குள் கிணற்றைத் தூர் வாருங்கள். கூரைத் தண்ணீரைக் கிணற்றுக்குத் திருப்புங்கள். வழியில் ஒரு குழி எடுத்து ஜல்லியும் மணலும் போட்டால் வண்டல் அங்கேயே நின்றுவிடும். மருந்தடித்த காட்டுத் தண்ணீர் மட்டும் நேராக உள்ளே இறங்க வேண்டாம். குப்பை கிடக்கிற கிணறாக இருந்தால் முதலில் அதை அள்ளிவிட்டு, அப்புறம் பைப்பை வையுங்கள்.