பாறை எப்போது பிடிக்கும், எப்போது வழுக்கும்?

நிலநடுக்கம் ஏன் வருகிறது என்று கேட்டால், தட்டுகள் நகர்வதால் வருகிறது என்று பள்ளிக்கூடத்தில் படித்ததைச் சொல்லிவிடுவோம். சரி, தட்டுகள் தினமும்தானே நகர்கின்றன, வருடத்துக்குச் சில சென்டிமீட்டர் என்று நிற்காமல்? அப்படியானால் நூறு வருடம் பேசாமல் கிடந்த நிலம் ஒரே நிமிடத்தில் ஏன் இந்த ஆட்டம் ஆடுகிறது? இந்த வீடியோ முழுக்க அந்தக் கேள்விதான்.

(திரையில்: 1906 நிலநடுக்கத்துக்குப் பிறகு, சான் பிரான்சிஸ்கோவுக்கு அருகே, துண்டாகி மீட்டர் கணக்கில் விலகி நிற்கும் ஒரு வேலி)

இந்த மாதிரி வேலிகளையும் நில அளவைக் கணக்குகளையும் வைத்துத்தான் அமெரிக்கப் புவி இயற்பியலாளர் ஹாரி ஃபீல்டிங் ரீட் 1910இல் ஒரு விளக்கம் கொடுத்தார். பூமிக்குள் பாறை இரண்டாகப் பிரிந்திருக்கும் பிளவின் இரண்டு பக்கமும் நிலம் பல காலமாக மெல்ல வளைந்துகொண்டே வருகிறது, பிடி விட்டதும் துள்ளி நேராகிறது. ஆனால் பிடித்து வைத்திருப்பது எது, அது ஏன் திடீரென்று விடுகிறது? அதற்குப் பதில் வர இன்னும் ஐம்பது வருடத்துக்கு மேல் ஆனது.

1966இல் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் வில்லியம் ப்ரேஸும் ஜேம்ஸ் பைர்லியும் கிரானைட்டைப் பூமிக்கு அடியில் இருப்பது போன்ற அழுத்தத்தில் வைத்து நெருக்கிப் பார்த்தார்கள். பாறை சீராக நழுவவில்லை. கனமான பீரோவைத் தரையில் தள்ளினால் முதலில் அசையாது, அப்புறம் கிர்ரென்று ஒரு குதி, மறுபடி நிற்கும் இல்லையா, அதே மாதிரி. ஆழம் குறைந்த நிலநடுக்கங்கள் இப்படித்தான் நடக்கின்றன போலிருக்கிறது, பாறை புதிதாக உடைவதைவிடப் பழைய பிளவே மறுபடி மறுபடி சறுக்குகிறது என்றார்கள். பைர்லி தொடர்ந்து பலவகைப் பாறைகளை அளந்து, எந்தப் பாறையானாலும் உராய்வுக் கெழு (அழுத்தும் விசைக்கு எவ்வளவு பங்கு விசை கொடுத்தால் நழுவும் என்ற எண், குறைந்தால் வழுக்கல்) பெரும்பாலும் 0.6இல் இருந்து 0.85க்குள் வருகிறது என்று 1978இல் காட்டினார். களிமண் மட்டும் இந்தக் கணக்குக்குள் வரவில்லை, அதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

(திரையில்: உருப்பெருக்கியில் இரண்டு பாறை முகங்கள், அங்கங்கே சின்னப் புள்ளிகளில் மட்டும் தொட்டுக்கொள்கின்றன)

எனக்கு இந்தக் கதையில் ரொம்பப் பிடித்த இடம் இதுதான். அமெரிக்கப் புவியியல் ஆய்வு நிறுவனத்தில் ஜேம்ஸ் டீட்ரிக், பாறைகளை அழுத்தி வைத்துவிட்டுச் சும்மா காத்திருந்தார். எவ்வளவு நேரம் காத்திருக்கிறோமோ அவ்வளவு இறுக்கமாகப் பிடித்துக்கொள்கின்றன! காரணம், அந்தத் தொடும் புள்ளிகள் தாங்கும் அழுத்தம் பயங்கரமானது, அதில் அவை மெல்ல நசுங்கி அகலமாகிக்கொண்டே போகின்றன. ஒளி ஊடுருவும் பொருள்களை வைத்து இதைக் கண்ணாலேயே பார்த்து 1994இல் வெளியிட்டார்கள். அடுத்தது வேகம். நழுவும் வேகத்தைப் பத்து மடங்கு கூட்டினால் உராய்வு முதலில் சற்று ஏறுகிறது, சில மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) தூரம் நகர்வதற்குள் இறங்கி ஒரு புதிய அளவில் நிற்கிறது. அந்தப் புதிய அளவு பழையதைவிடக் குறைவு என்றால் வம்புதான்: நழுவ நழுவப் பிடி தளரும், தளரத் தளர வேகம் கூடும். அதிகம் என்றால் பிளவு சத்தமில்லாமல் ஊர்ந்துகொண்டே இருக்கும். ஆண்டி ரூயினா 1983இல் இதற்குத் தெளிவான சமன்பாட்டு வடிவம் கொடுத்தார், இன்றும் நிலநடுக்கக் கணினி மாதிரிகளில் ஓடுவது பெரும்பாலும் அந்த வகைச் சமன்பாடுகள்தான்.

ஊரும் பிளவு நிஜமாகவே உண்டு. கலிஃபோர்னியாவில் சான் ஆண்ட்ரியாஸ் பிளவின் நடுப்பகுதி அப்படித்தான். சுமார் 2.7 கிலோமீட்டர் ஆழத்திலிருந்து 2007இல் எடுத்த மாதிரியில் சப்போனைட் என்ற களிமண் கனிமம் இருந்தது, அதன் உராய்வுக் கெழு வெறும் 0.15 பக்கம். ஆனால் மெல்ல நழுவும்போது வேகம் கூடினால் அதன் பிடியும் கூடும், அதனால்தான் ஓடாமல் ஊர்கிறது.

அப்போ களிமண் இருந்தால் பயமில்லையா? அப்படித்தான் நினைத்திருந்தார்கள், 2011 மார்ச் 11 வரைக்கும்.

ஜப்பானின் 9.0 அளவு நிலநடுக்கத்தில் ஒரு தட்டு இன்னொன்றுக்கு அடியில் புகும் கடலடி அகழிக்குப் பக்கத்தில் பிளவு சுமார் 50 மீட்டர் நழுவியது, சுனாமி அவ்வளவு பெரிதானதற்கு அதுவும் ஒரு முக்கியக் காரணம். அந்த மேல்பகுதியில் களிமண் இருப்பதால் நழுவல் அங்கே வந்து அடங்கிவிடும் என்பதுதான் வழக்கமான எண்ணம். 2012இல் சிக்யூ என்ற ஜப்பானிய ஆழ்கடல் துளையிடும் கப்பல் கிட்டத்தட்ட 7 கிலோமீட்டர் தண்ணீருக்கு அடியில், கடல் தரையிலிருந்து இன்னும் 800 மீட்டருக்கு மேல் துளைத்து, 55 வெப்பமானிகளை உள்ளே இறக்கியது. உராய்ந்தால் சூடு வரும், மிச்சம் இருக்கும் சூட்டை அளந்தால் எவ்வளவு உராய்வு என்று கணக்குப் போடலாம், அவ்வளவுதான் யோசனை. கிடைத்தது சுற்றியுள்ளதைவிட வெறும் 0.31 டிகிரி செல்சியஸ் கூடுதல்! அதிலிருந்து வந்த உராய்வுக் கெழு 0.08. ஆய்வகத்திலும் அந்தக் களிமண்ணை நொடிக்கு ஒரு மீட்டருக்கு மேல் வேகத்தில் சுழற்றினால் கெழு அப்படியே விழுகிறது. உள்ளே மாட்டிய தண்ணீர் சூடாகி விரிந்து இரண்டு பக்கத்தையும் விலக்கித் தள்ளுகிறது என்பது முக்கியமான விளக்கம். மெதுவாகப் போனால் பிரேக் போடும் அதே மண், ஓட ஆரம்பித்துவிட்டால் வழிவிட்டுவிடுகிறது.

"அப்போ முன்கூட்டியே சொல்லலாமே" என்று கமென்டில் கேட்பீர்கள். ஆய்வகத்தில் இரண்டு மீட்டர் நீளப் பிளவு வைத்த கிரானைட் கட்டியில், பெரிய நழுவலுக்கு முன்னால் ஓர் இடத்தில் மெதுவான நழுவல் ஆரம்பித்துப் பரவுவது தெரியத்தான் செய்கிறது. இயற்கையில் அதைப் பிடிக்கக் கலிஃபோர்னியாவின் பார்க்ஃபீல்டில் கருவிகளை நிரப்பிக் காத்திருந்தார்கள், 1993க்குள் வரும் என்று கணித்து. வந்தது 2004 செப்டம்பர் 28, 6.0 அளவில். முந்தைய நாட்களின் பதிவுகளைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார்கள், தெளிவான முன்னறிகுறி எதுவும் இல்லை.