பத்துப் பேர் திரும்பிப் பார்க்கட்டும்

நடுவர் அவர்களுக்கும் சேலத்துப் பெருமக்களுக்கும் வணக்கம். ஆண் பிள்ளைக்குப் பெயர் சூட்டும்போது முதலில் பார்க்க வேண்டியது பொருளா, வழிவழி வந்த உறவா என்பது தலைப்பு. உறவே என்பது எங்கள் அணி.

எதிரணித் தலைவர் சற்று முன், "கடைவீதியில் நின்று 'சுகவனம்' என்று கூப்பிட்டால் பத்துப் பேர் திரும்பிப் பார்ப்பார்கள், இதுவா அடையாளம்? ரித்விக் என்று வையுங்கள், பொருளும் உயர்ந்தது, திரும்புகிறவனும் ஒருவனே" என்றார். நீங்களும் கைதட்டினீர்கள். ரித்விக் என்றால் வேள்வி நடத்தி வைப்பவர், நல்ல பொருள்தான். ஆனால் சுகவனத்துக்கு மட்டும் பொருள் இல்லையா? சுகம் என்றால் கிளி. சுக முனிவர் கிளி வடிவில் வழிபட்டதாகத் தலபுராணம் சொல்லும் நம் சுகவனேசுவரர் கோயில் தந்த பெயர் அது. கோட்டை அழகிரிநாதரால் அழகிரி வந்தது. ஏற்காட்டு மலையுச்சிக் குகைக்கோயிலால் சேர்வராயன் வந்தது. மாரி என்றால் மழை. அந்த மாரியம்மன் தாயின் பெயரைத் தாங்கிய பெரியவடகம்பட்டி மாரியப்பன் 2016இல் ரியோ பாராலிம்பிக்கில் உயரம் தாண்டித் தங்கம் வென்றார். யோசேப்பு, யூசுப், சூசை மூன்றும் ஒரே எபிரேயப் பெயர்தான். கடவுள் மேலும் தருவார் என்ற அதன் பொருளை அறிந்தா இத்தனை குடும்பங்கள் அதை வைக்கின்றன? தாத்தாவின் பெயர் என்பதற்காக வைத்தவர்களே மிகுதி. பெயரன் என்ற சொல்லே அப்படிப் பிறந்ததுதானே!

அந்தப் பத்துப் பேருக்கு வருகிறேன். செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் ஒரு குடும்பம். தாத்தா பெயர் சுகவனம். அவர் மறைந்த பின் பிறந்த பெயரனுக்கும் அதையே வைத்தார்கள். கணவர் பெயரை வாய்விட்டுச் சொல்லாத தலைமுறையைச் சேர்ந்த பாட்டி, பெயரனைச் 'சாமி' என்றே அழைப்பார். ஆடித் திருவிழாவில், கோட்டை மாரியம்மன் கோயில் கூட்டத்தில், நான்கு வயதுப் பிள்ளை பாட்டியின் கையை உதறிவிட்டு ஓடிவிட்டான். பாட்டி பதறிப்போய் "சாமி!" என்று கத்தினார். கோயில் வாசலில் ஒரு மூதாட்டி அப்படிக் கத்தினால் என்ன நடக்கும்? அருள் வந்துவிட்டது என்று பக்கத்தில் நின்றவர் பாட்டியின் நெற்றியில் திருநீறு பூசினார். "ஐயோ, சாமி எங்கே!" என்று பாட்டி மீண்டும் கத்தினார், வேப்பிலை வந்தது. மூன்றாம் முறை கத்தினார். ஒரு பெண்மணி காலில் விழுந்து, தன் மகளுக்கு எப்போது கல்யாணம் ஆகும் என்று குறி கேட்டே விட்டார்!

அதற்கு மேல் பாட்டியால் பொறுக்க முடியவில்லை. வாழ்நாளெல்லாம் பூட்டி வைத்திருந்த வாயைத் திறந்து, "சுகவனம்!" என்று கோபுரம் அதிரக் கூப்பிட்டார். திரும்பினார்கள் ஐயா, எதிரணித் தலைவர் சொன்ன அதே பத்துப் பேர்! பொரி விற்றவர் சுகவனம், ஆட்டோ ஓட்டுநர் சுகவனம், வரிசையில் நின்ற பெரியவரும் சுகவனம். தன் பெயர் கொண்ட பிள்ளையைக் காணவில்லை என்று தெரிந்ததும், ஆளுக்கொரு திசையில் ஓடித் தேடினார்கள். வளையல் கடையருகே அழுதுகொண்டிருந்த சின்னச் சுகவனத்தைத் தோளில் தூக்கி வந்தவர் அந்த ஆட்டோக்காரர்.

வீடு திரும்பிய பிறகும் பாட்டியின் அழுகை ஓயவில்லை. "பையன்தான் கிடைச்சுட்டானே அத்தை, இன்னும் எதுக்கு அழறீங்க?" என்று மருமகள் கேட்டார். "கட்டிக்கிட்டு வந்த நாள்லயிருந்து, அவரை ஒரு தடவையாவது பேர் சொல்லிக் கூப்பிடணும்னு ஆசை இருந்துச்சு கண்ணு. இன்னைக்குத்தான் கூப்பிட்டேன்" என்றார் பாட்டி.

நடுவர் அவர்களே, அந்த வீட்டுப் பிள்ளைக்கு வேறு என்ன பெயர் வைத்திருக்க வேண்டும் என்று எதிரணித் தலைவர் எழுந்து சொல்லட்டும். நான் அமர்கிறேன்.