இஞ்ச் டேப்பும் சாவிப் பதிவேடும்

(ஒரு பல்கலைக்கழக இயற்பியல் துறையின் தேசிய அறிவியல் நாள் விழாவில் பேசியதன் எழுத்து வடிவம்)

துறைத் தலைவர் அவர்களே, ஆசிரிய நண்பர்களே, மாணவ மாணவியரே, கடைசி வரிசையில் நிற்கும் லேப் உதவியாளர்களே, வணக்கம்.

அழைப்பிதழில் என் தலைப்பு ‘பன்மையும் உள்ளடக்கலும்’ என்று இருக்கிறது. நல்ல தமிழ்தான். ஆனால் ‘உள்ளடக்கல்’ என்றதும் எனக்குப் பெட்டியில் துணியை அமுக்கி மூடுவதுதான் நினைவுக்கு வருகிறது. எளிதாகவே வைத்துக்கொள்வோம். இந்தத் துறைக்குள் யார் வருகிறார்கள், வந்த பிறகு யாருக்கு என்ன கிடைக்கிறது? இன்று பேச வந்தது இதைத்தான்.

இன்று பிப்ரவரி 28. 1928இல் இதே நாளில் ராமன் விளைவு அறிவிக்கப்பட்டது. நம் திருச்சியில் பிறந்தவர், சென்னை மாநிலக் கல்லூரியில் படித்தவர் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொள்கிறோம். நிமிர்த்தலாம். அவருடைய நாளிலேயே அவருடைய ஆய்வகக் கதவைப் பற்றியும் பேசுவோம், தப்பில்லை.

1933இல் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்துக்குக் கமலா பாகவத் என்ற பெண் விண்ணப்பித்தார். பம்பாய்ப் பல்கலைக்கழக பி.எஸ்சி. தேர்வில் முதலிடம். அப்பாவும் சித்தப்பாவும் அதே கழகத்தில் வேதியியல் படித்தவர்கள். விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. பெண் என்பதுதான் காரணம். அப்போது இயக்குநர் ராமன். கமலா விடவில்லை, நேரில் போய் நின்றார், சத்தியாகிரகம் செய்வேன் என்றார். கடைசியில் நிபந்தனைகளோடு சேர்த்துக்கொண்டார்கள். முதல் ஒரு வருடம் சோதனைக்காலம். வழிகாட்டி சொன்னால் இரவிலும் வேலை பார்க்க வேண்டும். மூன்றாவது நிபந்தனை, ஆய்வகச் சூழலைக் கெடுக்கக் கூடாது. முதல் இரண்டை விடுங்கள், அந்த மூன்றாவதைக் கொஞ்சம் யோசியுங்கள். சூழலைக் கெடுப்பது என்று எதைச் சொல்கிறார்கள்? அவர் அங்கே இருப்பதையேதான்! வருட முடிவில் ராமனுக்குத் திருப்தி. அதன் பிறகு பெண்களுக்குக் கதவு திறந்தது. 1939இல் கேம்பிரிட்ஜில் முனைவர் பட்டம் வாங்கினார் கமலா. திருமணத்துக்குப் பிறகான பெயரில், நமக்கு அவர் உயிர்வேதியியலாளர் கமலா சோஹோனி.

திறந்த கதவு வழியாகப் பிறகு போனவர்களில் ஒருவர் அன்னா மணி. 1940இல் ராமனின் ஆய்வகத்தில் சேர்ந்து, வைரங்களின் ஒளிர்வை ஆராய்ந்தார். ஒரு நிறமாலை, அதாவது நிறம் நிறமாகப் பிரித்த ஒளி, புகைப்படத் தட்டில் பதிய 15 முதல் 20 மணி நேரம் ஆகுமாம். பல இரவுகள் ஆய்வகத்திலேயே கழிந்தன. ஐந்து ஆய்வுக் கட்டுரைகள் எழுதி, 1945இல் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு ஆய்வேட்டை அனுப்பினார். எம்.எஸ்சி. பட்டம் இல்லை என்று சொல்லி முனைவர் பட்டம் தர மறுத்துவிட்டார்கள். வேலையைப் பார்க்கவில்லை, சான்றிதழைப் பார்த்தார்கள். அதன் பிறகு அவர் இந்திய வானிலைத் துறைக்குப் போய், நாட்டுக்கே கருவிகள் செய்து கொடுத்தார். அது வேறு கதை.

“சார், அதெல்லாம் அந்தக் காலம், இப்போது எங்கள் வகுப்பில் பாதிக்கு மேல் பெண்கள்” என்று யாரோ முணுமுணுப்பது கேட்கிறது. சரி. அந்த 20 மணி நேரத் தட்டை மட்டும் மறக்காதீர்கள். இன்றைக்கும் எக்ஸ்-ரே கருவிக்கு வரிசை இருக்கிறது. ராத்திரி நேரம்தான் காலியாகக் கிடைக்கிறது. பெண்கள் விடுதியை எத்தனை மணிக்குப் பூட்டுகிறார்கள்? கருவிக்கு ஆண், பெண் தெரியாது. பூட்டுக்குத் தெரியும்.

அமெரிக்காவில் எம்.ஐ.டி. என்ற மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் நான்சி ஹாப்கின்ஸ் என்று ஒரு உயிரியலாளர். மீன் தொட்டிகள் வைக்கக் கூடுதலாகக் கொஞ்சம் இடம் கேட்டார், கிடைக்கவில்லை. மற்றவர்களுக்கு எவ்வளவு இடம் என்று பார்ப்பதற்கு இஞ்ச் டேப்பை எடுத்துக்கொண்டு ஆய்வகம் ஆய்வகமாக அளந்தார். ஆண் பேராசிரியர்களின் ஆய்வகங்கள் பெரியவை என்று அளவே சொன்னது. 1994இல் அங்கே அறிவியல் புலத்தில் நிரந்தரப் பணி உறுதி பெற்ற ஆண்கள் 194, பெண்கள் 15. அந்தப் பெண்கள் ஒன்றுசேர்ந்து கேட்டார்கள், குழு அமைந்தது. 1999இல் அறிக்கை வந்தபோது, பாகுபாடு பெரும்பாலும் பிரமை இல்லை, நிஜம்தான் என்று நிறுவனத் தலைவரே ஒப்புக்கொண்டார். எனக்கு அதில் பிடித்தது அந்த டேப். அழுது கேட்டால் ‘உங்களுக்கு அப்படித் தோன்றுகிறது’ என்பார்கள். சதுர அடியைக் காட்டினால் என்ன சொல்வது?

இனி என் குற்றம் ஒன்று. பல வருடங்களுக்கு முன்னால் ஒரு செய்முறைத் தேர்வில் நான் தேர்வாளர். பிளஸ் டூ வரை தமிழ் வழியில் படித்த பையன். ஒளியின் நிறங்களைப் பிரித்து அளக்கும் ஸ்பெக்ட்ரோமீட்டரை எல்லோருக்கும் முன்னால் சரிசெய்துவிட்டான். வைவாவில், அதாவது வாய்மொழித் தேர்வில், ‘டிஸ்பர்சிவ் பவர்’ என்றால் என்ன என்று ஆங்கிலத்தில் கேட்டேன். தலை குனிந்தான். அடுத்த கேள்விக்கும் அப்படியே. ‘புரியாமல் மனப்பாடம் செய்து வந்திருக்கிறான்’ என்று எழுதி மதிப்பெண்ணைக் குறைத்தேன். மறுநாள் லேப் உதவியாளர் சொன்னார், “சார், போன வாரம் சோடியம் விளக்கு எரியாமல் போனதே, அவன்தான் சோக்கைக் கழற்றிப் பார்த்துச் சரி பண்ணினான்.” அடுத்த பருவத்தில் அவனிடம் அதே கேள்வியைத் தமிழில் கேட்டேன். “சிவப்பும் ஊதாவும் எவ்வளவு பிரிஞ்சு போகுதுங்கிறதுதானே சார், ஒவ்வொரு கண்ணாடிக்கும் ஒவ்வொரு மாதிரி” என்றான். மதிப்பெண் பட்டியல் எப்போதோ போய்விட்டது. நான் அன்று அளந்தது அவனுடைய இயற்பியலை இல்லை.

சாதி பற்றிப் பேசாதே என்று யாரும் என்னிடம் சொல்லவில்லை, அதனால் சொல்கிறேன். மேகநாத் சாஹா கல்கத்தா மாநிலக் கல்லூரியில் படித்தபோது, விடுதிச் சாப்பாட்டுக் கூடத்தில் தங்களோடு அவர் உட்காரக் கூடாது என்று சில மாணவர்கள் ஆட்சேபித்தார்கள். விண்மீன்களின் நிறமாலையைப் படிக்க உலகம் இன்றும் பயன்படுத்தும் சமன்பாட்டை 1920இல் தந்தவர் அவர். இப்போது யாரும் சாப்பாட்டுத் தட்டை நகர்த்துவதில்லை. “எந்த ஊர்? ஊரில் எந்தப் பக்கம்?” என்று விசாரிக்கிறோம். ஆய்வுக்கு வழிகாட்டி, அதாவது கைடு, கிடைப்பது அந்தப் பதிலைப் பொறுத்ததாகிவிடும் இடங்களும் உண்டு.

மாற்றுத்திறனாளிகளுக்கு அரசு, அரசு உதவி பெறும் உயர்கல்வி நிறுவனங்களில் குறைந்தது 5 சதவீத இடம் என்று 2016 சட்டம் சொல்கிறது. இந்தத் துறையின் ஒளியியல் ஆய்வகம் முதல் மாடியில் இருக்கிறது. லிஃப்ட் இல்லை. படி ஏறி வரும்போது எண்ணினேன், 24.

காலையில் உங்கள் இளநிலை ஆய்வகத்தில் கொஞ்ச நேரம் நின்றேன். மூன்று பேர் கொண்ட குழுக்கள். பெரும்பாலான மேசைகளில் திருகுகளைத் திருப்பியது பையன்கள், ரெக்கார்டில் அளவுகளை எழுதியது பெண்கள். யாரும் உத்தரவு போடவில்லை, கையெழுத்து நன்றாக இருக்கும் என்று தானாக அமைந்தது என்பீர்கள். அடுத்த வாரம் மாற்றி உட்கார வையுங்கள். வைவாவில் முதல் கேள்வியை மாணவர் விரும்பும் மொழியில் கேளுங்கள். விடுதிக் காப்பாளரை அழைத்து, ஆய்வு நேரத்துக்கு என்று தனி அனுமதி ஏற்பாடு செய்யுங்கள். இதற்கெல்லாம் மானியம் தேவையில்லை. லிஃப்டுக்குத் தேவை, அதைத் துறைத் தலைவர் எழுதிக் கேட்கட்டும். என்னைப் பார்த்துச் சிரிக்கிறார், எழுதுவார் என்று எடுத்துக்கொள்கிறேன்.

ஆராய்ச்சிக் கருவி அறையின் சாவிப் பதிவேட்டை அலுவலகத்திலிருந்து கேட்டு வாங்கி வந்தேன். மாலை ஆறு மணிக்கு மேல் யார் யார் கையெழுத்துப் போட்டுச் சாவி வாங்கியிருக்கிறார்கள் என்று அதில் இருக்கிறது. நான் எண்ணவில்லை, வேண்டுமென்றேதான் எண்ணவில்லை. இதோ மேசைமேல் வைக்கிறேன். தேநீர் இடைவேளையில் பேனாவோடு வாருங்கள்.